சின்னத் தங்கச் சுரங்கத்தில் பங்கு தருகிறேன் என்று யாராவது வந்தால்

கோலார் தங்கவயலில் பிறந்து பெங்களூரில் பிழைக்கிற குடும்பங்களுக்குத் தங்கம் என்ற சொல் காதில் வேறு மாதிரி விழும். அப்பா 27 வருடம் மைன்ஸில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகுதான் நாங்கள் ராமமூர்த்தி நகருக்கு வந்தோம். அதனால் மாமா ஒரு நாள் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்து, "தங்கவயலுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு மைன் திறக்கிறார்கள், பங்கு நாலு லட்சம்" என்றபோது நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. மாமா பணத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அலைந்தேன். நான் செய்த பெரிய தவறு வரிசை. முதலில் கல்லைச் சோதித்தேன், கடைசியில்தான் உரிமத்தைக் கேட்டேன். உரிமத்தை முதலில் கேட்டிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். பணம் போடச் சொல்லி உங்களிடம் வந்தாலும் சரி, "உங்கள் நிலத்தில் தங்கம் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்று வந்தாலும் சரி, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் உரிமத்தைக் கேளுங்கள்

கிரானைட், மணல் மாதிரி தங்கம் சிறு கனிமம் இல்லை. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ் வருகிற பெரிய கனிமம். அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோண்டுவது மட்டுமல்ல, தாது இருக்கிறதா என்று தேடி ஆய்வு செய்வதும் குற்றம். 5 வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் இதுதான் நிலை. "நம்ம நிலம்தானே, போர் போடுகிற மாதிரி நாலு குழி போட்டுப் பார்ப்போம்" என்பவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பிடிபட்டால் நிலத்துக்காரர் பெயரும் வழக்கில் வரும்.

2015-இல் சட்டம் மாறியது. அதன் பிறகு தனியாருக்கு உரிமம் கிடைக்கிற வழி ஏலம்தான். உங்களிடம் காட்டப்படும் காகிதம் இந்த மூன்றில் எது என்று பாருங்கள்.

சுரங்கக் குத்தகை: இது இருந்தால்தான் தாதுவை எடுத்து விற்கலாம். காலம் 50 வருடம்.

கூட்டு உரிமம்: முதலில் ஆய்வு, தாது போதுமான அளவு இருப்பது நிரூபணமானால் பிறகு குத்தகை. ஆய்வுக் கட்டத்தில் வைத்திருப்பவருக்கு விற்பதற்கு எதுவும் கிடையாது.

ஆய்வு உரிமம்: 2023 திருத்தத்தில் வந்தது. இதை வைத்திருப்பவர் தாது எடுக்கவே முடியாது. அவர் கண்டுபிடித்த இடம் தனியாக ஏலத்துக்குப் போகும், அதில் வருகிற தொகையில் அவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். அவ்வளவுதான்.

எங்களுக்குக் காட்டப்பட்டது இந்த மூன்றும் இல்லை. நீல உறை போட்ட கோப்பில், அரசு முத்திரையோடு ஒரு காகிதம் இருந்தது. அசல் காகிதம், அசல் முத்திரை. ஆனால் அது 2008-இல் கொடுத்த விண்ணப்பத்துக்கான ஒப்புகைச் சீட்டு. 2015 ஜனவரி 12-க்கு முன் கொடுத்த விண்ணப்பங்கள், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அந்தத் திருத்தத்தோடு செல்லாமல் போய்விட்டன. அந்த விதிவிலக்குகளிலும் மிச்சமிருந்த முக்கியமான வகையை 2021 திருத்தம் முடித்துவைத்தது. அதனால் காகிதத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. "குத்தகைப் பத்திரம்" என்று எழுதியிருக்கிறதா, பதிவு எண் இருக்கிறதா, எல்லையின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வேறு ஒருவர் பெயரில் இருந்து "எங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்றால், அந்த மாற்றத்துக்கு மாநில அரசு முன்அனுமதி கொடுத்த உத்தரவைக் கேளுங்கள்.

காகிதத்தைச் சரிபார்க்கும் இடம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் உள்ள கனிஜ பவன். மாநில சுரங்கம், நிலவியல் துறையின் தலைமை அலுவலகம் அங்கேதான். நேரில் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் பதில் வரும். எழுத்தில் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு கொடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஏழு கேள்வியை இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்தேன், திரும்பி வந்தது. இரண்டாவது முறை ஒரே கேள்வி: இன்ன தாலூகா, இன்ன ஹோப்ளி, இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பரில் தங்கத்துக்கான குத்தகையோ உரிமமோ இன்று யாருக்காவது அமலில் உள்ளதா, இருந்தால் நகல் தேவை. 26-வது நாள் ஒரு வரியில் பதில் வந்தது. இல்லை.

மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும்.

2. நிலத்தின் காகிதம்

இதற்கு அலைய வேண்டியதில்லை, பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே முடியும். கர்நாடக அரசின் பூமி இணையதளத்தில் பகானி, அதாவது நில உரிமைப் பதிவேட்டு நகல், எடுங்கள். 9-வது பத்தியில் உரிமையாளர் பெயர், 11-வது பத்தியில் கடன், வழக்கு, நிபந்தனை எல்லாம் இருக்கும். திஷாங்க் செயலியில் சர்வே நம்பரைப் போட்டால் இடம் வரைபடத்தில் தெரியும். இவர்கள் நம்மை அழைத்துப்போய்க் காட்டிய இடம் அதுதானா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்குக் காட்டிய பாறைக்கும் காகிதத்தில் இருந்த சர்வே நம்பருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பத்திரப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் 30 வருட வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள்.

கோலார் பக்கம் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கோமாளா, அதாவது மேய்ச்சல் நிலம். அது அரசு நிலம், யாரும் விற்க முடியாது. இன்னொன்று, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலம். 1978-ஆம் ஆண்டின் பி.டி.சி.எல். சட்டப்படி அரசின் முன்அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்றவே முடியாது. எத்தனை கை மாறியிருந்தாலும் சிக்கல் சிக்கல்தான்.

நிலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கம் வைக்க உங்கள் நிலத்தை எழுதிக்கொடுக்க வேண்டும், பொது அதிகாரப் பத்திரம் போட வேண்டும் என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமம் பெற்றவர் உங்கள் நிலத்தைப் பயன்படுத்த சட்டத்தின் 24ஏ பிரிவு வழி செய்கிறது. அவர் உங்களுக்கு ஆண்டுதோறும் நஷ்டஈடு தர வேண்டும், வேலை முடிந்து போகும்போது நிலத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் தர வேண்டும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பொது அதிகாரப் பத்திரம் கேட்கிறவருக்கு வேண்டியது உங்கள் நிலம்தான்.

3. கல்லைப் பார்ப்பது

முதல் இரண்டு படியும் தேறினால்தான் இங்கே வர வேண்டும். ஆனால் நம்மை மயக்குவது இந்தக் கல்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெங்களூரில் எல்லோரும் லால்பாக் பாறை மேல் ஏறியிருப்போம். சாம்பலும் வெள்ளையுமாக வரி வரியாக இருக்கும் அந்தப் பாறை நைஸ் என்ற வகை. கர்நாடகத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளம் இந்த மாதிரிப் பாறைதான். இங்கே தங்கம் தேடிப் பயனுள்ள இடம் இந்த நைஸுக்கு நடுவே நீளமாக ஓடும் கறுத்த பாறைப் பட்டைகள். சிஸ்ட் பட்டை என்பார்கள். கோலார் பட்டை வடக்கு தெற்காகச் சுமார் 80 கி.மீ. நீளம், அகலம் சில கி.மீ.தான். ராய்ச்சூர் மாவட்டத்தில் இன்றும் ஓடுகிற அரசு நிறுவனமான ஹட்டி சுரங்கம் இன்னொரு பட்டையில் இருக்கிறது. கதக், சித்ரதுர்கா பக்கமும் பட்டைகள் உண்டு. அந்தக் கறுப்புப் பாறைக்குள் விரிசல் விழுந்து, சூடான நீர் ஏறி, வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பாக உறைந்த இடங்களில் தங்கம் தங்கியிருக்கிறது. அந்த நரம்பைத்தான் தங்கவயலில் ரீஃப் என்று சொல்வார்கள். சாம்பியன் ரீஃப் என்று ஊருக்கே பெயர்.

ஆகவே முதல் கேள்வி: சொல்லப்படும் இடம் சிஸ்ட் பட்டைக்குள் இருக்கிறதா? இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் நிலவியல் வரைபடத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பட்டைக்குள் இருந்தால் தங்கம் உண்டு என்று பொருள் இல்லை. பட்டைக்கு வெளியே முழு நைஸில் இருந்தால் சொல்கிறவரிடம் இன்னும் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவே.

அடுத்து மினுமினுப்பு. மாமா கொண்டுவந்த கல் ஒரு கைப்பிடி அளவு இருக்கும். வெள்ளைக் கல்லில் மஞ்சள் பொட்டுகள். சாப்பாட்டு மேஜையில் வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பினால் கண்ணைப் பறித்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அம்மாவின் தையல் ஊசியை எடுத்து ஒரு பொட்டின் மேல் வைத்து அழுத்தினார். பொட்டு நொறுங்கித் தூளானது. "தங்கம் பள்ளம் விழும். தூளாகாது" என்றார். அப்புறம் பால்கனியில் கிடந்த டைல்ஸ் துண்டின் பின்பக்கம், பளபளப்பு இல்லாத பக்கத்தில், கல்லைத் தேய்த்தார். கறுப்பும் பச்சையுமாக ஒரு கோடு விழுந்தது. தங்கமாக இருந்தால் மஞ்சள் கோடு விழ வேண்டும். அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. மக்கிப்போன மைக்காவும் பொன் நிறத்தில் மின்னும். அது செதில் செதிலாக உரியும், தண்ணீரில் இலேசாக மிதந்து போகும்.

இது நடந்தும் எங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை, ஏனென்றால் மாமா அழைத்துவந்தவர் சொன்ன பதிலிலும் பாதி உண்மை இருந்தது. "பைரைட் இருக்கிற இடத்தில்தான் சார் தங்கம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது." நல்ல தாதுவிலும் ஒரு டன்னுக்குச் சில கிராம்தான், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது சரிதான். அதனால்தான் கல்லை வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆய்வக அறிக்கைதான் பேச வேண்டும்.

4. ஆய்வக அறிக்கையை வாசிப்பது

அவர் வைத்திருந்த அறிக்கையில் டன்னுக்கு 38 கிராம் என்று இருந்தது. ஆய்வகமும் நிஜம், எண்ணும் நிஜம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்த முடிவு எங்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். அதாவது கல் எங்கிருந்து வந்தது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. நல்ல சுரங்கத்தின் கல்லைக் கொடுத்தாலும் அதே தாளில் அதே முத்திரையோடு எண் வரும்.

உண்மையான அறிக்கையில் இவை இருக்கும். மாதிரி எடுத்தவர் பெயர், தேதி, இடத்தின் ஆயத்தொலைவு. மாதிரி எடுத்த விதம், அதாவது ரீஃபுக்குக் குறுக்கே ஒரே அகலத்தில் வெட்டி எடுத்ததா, துளைபோட்டு எடுத்த கோரா (உருளையாக வரும் பாறைத் துண்டு), அல்லது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த கல்லைப் பொறுக்கியதா. பொறுக்கிய கல்லின் எண்ணுக்கு மதிப்பே இல்லை. சோதனை முறை தீ மதிப்பீடாக, அதாவது பொடித்த கல்லை உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளப்பதாக, இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அந்தச் சோதனைக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்க வேண்டும். இடையிடையே தங்கமே இல்லாத வெற்று மாதிரி, அளவு தெரிந்த மாதிரி, ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்தது எல்லாம் கலந்து அனுப்பியிருக்க வேண்டும். கோரை நெடுகப் பாதியாக அறுத்து, மறுபாதியைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். "பெட்டியைப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பலர் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு படி உண்டு. ஜி4 மேலோட்டமான தேடல், ஜி1 நுணுக்கமான துளையிடல். கூட்டு உரிமத்துக்கு இடத்தை ஏலம் விட ஜி4 போதும், சுரங்கக் குத்தகைக்கு ஜி2 வரை வேலை நடந்திருக்க வேண்டும். "ஜி4 முடிந்துவிட்டது, அடுத்த மாதம் உற்பத்தி" என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

நான் சுதந்திரமாக வேலை பார்க்கும் நிலவியலாளர் ஒருவரை ஒரு நாள் அழைத்துப்போனேன். 12,000 ரூபாயும் கார் செலவும் ஆனது. அவர் அங்கே சுத்தியலைக்கூட எடுக்கவில்லை. உரிமம் இல்லாத இடத்தில் மாதிரி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்கிறவரைத்தான் கூட்டிப்போக வேண்டும்.

5. கணக்குப் போடுங்கள்

இதற்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். டன்னுக்கு இத்தனை கிராம் என்று சொன்னால் உடனே "ரீஃப் எத்தனை அகலம்" என்று கேளுங்கள். அரை மீட்டர் அகல ரீஃபில் டன்னுக்கு 6 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் நின்று வேலை செய்ய இடம் வேண்டும், குறைந்தது 1.2 மீட்டர் வெட்டுகிறார்கள் என்றால் பக்கத்து வெறும் பாறையும் சேர்ந்து வரும். 6 கிராம் அப்போது 2.5 கிராமாகிவிடும்.

அந்த ரீஃப் 200 மீட்டர் நீளம், 60 மீட்டர் ஆழம் என்று எடுத்தால், 1.2 மீட்டர் அகலத்தோடு 14,400 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.7 டன் வைத்தால் சுமார் 38,900 டன் தாது. நாளைக்கு 50 டன், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 15,000 டன். இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடி முடிந்துவிடும். நாளைக்குக் கிடைக்கும் தங்கம் 125 கிராம். ஆலையில் 85 சதவீதம் பிரிந்தால் 106 கிராம்.

அதிலிருந்து கழிக்க வேண்டியவை: துளையிடல், வெடிமருந்து, டீசல், மின்சாரம், தண்ணீர் இறைப்பது, கூலி, ஆலை, சயனைடு, கழிவு மண்ணுக்கான அணை. அப்புறம் அரசுக்கு ராயல்டி, தங்கத்துக்கு 4 சதவீதம். ஆலையில் பிரித்தெடுத்த தங்கத்துக்கு அல்ல, தாதுவுக்குள் இருந்த மொத்தத் தங்கத்துக்கும் கட்ட வேண்டும். நம் கைக்கு வராத 15 சதவீதத்துக்கும் சேர்த்து. ராயல்டியில் 10 சதவீதம் மாவட்டக் கனிம நிதிக்கு. இவை எல்லாவற்றுக்கும் மேல், ஏலத்தில் ஒப்புக்கொண்ட சதவீதம். சின்னச் சுரங்கம் நஷ்டப்படுவது பெரும்பாலும் தங்கம் இல்லாததால் அல்ல, இந்தப் பட்டியலால்தான்.

85 சதவீதம் என்பதும் தானாக வராது. மேல்மட்டத்தில் மக்கிய பாறையில் தங்கம் தனியாக நிற்கும், சயனைடு கரைசலில் எளிதில் கரையும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அது பைரைட், ஆர்சினோபைரைட் மணிகளுக்குள் அடைபட்டிருக்கலாம். கரைசல் உள்ளே நுழையாது, பிரிவது பாதிக்கும் கீழே போய்விடும். எனவே கரைப்புச் சோதனை எந்த ஆழத்துக் கல்லில் செய்தது என்று கேட்க மறக்காதீர்கள். ஆர்சினோபைரைட் கல்லைச் சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசனை வரும், அப்பா காட்டினார்.

6. உரிமத்துக்கும் முதல் கிராமுக்கும் நடுவே

ஏலத்தில் ஜெயித்த அன்றே தோண்ட முடியாது. மத்திய அரசின் இந்தியச் சுரங்கப் பணியகத்திடம் சுரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல், சுற்றுச்சூழல் அனுமதி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இரண்டு ஒப்புதல்கள், காட்டு நிலமாக இருந்தால் தனி அனுமதி, வெடிமருந்து உரிமம், சான்றிதழ் பெற்ற மேலாளர், சுரங்கப் பாதுகாப்புத் துறைக்கு அறிவிப்பு. கூட்டு உரிமத்தில் ஆய்வுக்கு மட்டுமே மூன்று வருடம், நீட்டித்தால் ஐந்து. ஆக, இன்று ஏலம் எடுத்தவருக்கும் மாதங்களில் பேச முடியாது, வருடங்களில்தான் பேச வேண்டும். "ஆறு மாதத்தில் லாபம்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

சயனைடு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கரைசலில் சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையை (pH அளவு) 10-க்கு மேல் வைக்காவிட்டால் உயிரைக் குடிக்கும் வாயு கிளம்பும். தங்கவயலில் சயனைடு மேட்டுப் புழுதியை, அதாவது தங்கம் பிரித்தபின் மலையாகக் கொட்டிய கழிவு மண்ணின் புழுதியை, சாப்பாட்டோடு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஓட்டைக் கொட்டகையில் தொட்டி வைத்துக் கரைக்கிறேன் என்கிறவர், பாதரசம் போட்டுப் பிரிக்கிறேன் என்கிறவர், பழைய மேட்டு மண்ணை லாரியில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறவர், இந்த மூவரோடும் எந்தக் காரணத்துக்காகவும் சேராதீர்கள். அந்த மண்ணும் தனியாருடையது அல்ல.

7. பணம் கேட்கிறவர் யார்

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் இயக்குநர்கள், மூலதனம், பதிவுத் தேதி இலவசமாகவே தெரியும். 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த கணக்கையும் பார்க்கலாம். எங்களுடையது 1 லட்சம் மூலதனத்தில் 14 மாதத்துக்கு முன் பதிவானது. தொழில் என்று எழுதியிருந்தது ரியல் எஸ்டேட்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது. தனிப்பட்ட முறையில் கொடுப்பதென்றாலும் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. பலரிடம் பணம் திரட்டி, தாங்களே நிர்வகித்து, லாபத்தைப் பிரித்துத் தருகிறோம் என்றால் செபியில் பதிவு வேண்டும். மாதாமாதம் நிச்சயத் தொகை தருகிறோம் என்றால் 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் குறுக்கே வரும்.

என் கணக்கில் முதல் இரண்டு படிக்கும் இந்தப் படிக்கும் சேர்த்து ஆகிற செலவு 1,000 ரூபாயைத் தாண்டாது, காலம் 40 நாள். அதற்குள் அவர் அவசரப்படுத்தினால் அவசரம் அவருடையது.

8. ஏற்கெனவே கொடுத்துவிட்டால்

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். வங்கி அறிக்கையில் அந்தப் பரிமாற்றத்துக்குச் சான்று வாங்குங்கள். கல், கோப்பு, வரைபடம் எல்லாவற்றையும் தேதி தெரிய படம் எடுத்து வையுங்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ், அதோடு பொருளாதாரக் குற்றங்களைப் பார்க்கும் காவல் பிரிவில் புகார். பணத்தைத் திருப்பிக் கேட்டு சிவில் வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். "இதோ அடுத்த மாதம்" என்ற பேச்சிலேயே இரண்டு வருடம் ஓடிவிடும்.

ரசீதை இப்போதே எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மாமாவிடம் இருந்த ரசீதில் சுரங்கம் என்றும் இல்லை, பங்கு என்றும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. "கைமாற்றுக் கடன், ரூ. 4,00,000" என்று மட்டும் எழுதி, அந்த ஆள் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தார். வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, மோசடி வழக்கை விடக் கடன் வழக்கு சீக்கிரம் நிற்கும் என்றார். அப்படியே போட்டோம். இதுவரை 1,50,000 திரும்பியிருக்கிறது.